ஃப்ரிட்ஜ் ஓடும் என்று விற்ற இன்வெர்ட்டரில் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை: புகார்

வணக்கம்.

உங்கள் 900 வி.ஏ. இன்வெர்ட்டரையும் 150 ஏ.ஹெச். பேட்டரியையும் நாங்கள் வாங்கியதே ஃப்ரிட்ஜுக்காகத்தான். ஃபேன், லைட் இல்லாமல் ஒரு ராத்திரியை எப்படியாவது தள்ளிவிடலாம், ஆனால் ஃப்ரிட்ஜ் நின்றால் உள்ளே இருக்கிற அத்தனையும் வீண், அம்மாவின் இன்சுலினும் அதில்தான் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்திலேயே டிவி, ஃபேன், ஃப்ரிட்ஜ் என்று படம் போட்டிருக்கிறீர்கள். கடையில் கேட்டதற்கும் "தாராளமா ஓடும்" என்றுதான் பதில்.

ஓடவில்லை. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறது, லைட் எரிகிறது. அப்புறம் கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கும், "ம்ம்ம்" என்று ஒரு முனகல், லைட் எல்லாம் ஒரு நொடி மங்கும், உடனே இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி ஓவர்லோடு காட்டி வீட்டையே இருட்டாக்கிவிடும். ரீசெட் செய்தால் திரும்பவும் அதேதான்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் முதலில் மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்கள். அணைத்தோம், ஃப்ரிட்ஜ் மட்டும் தனியாக இருந்தும் அதேபோல் நின்றது. அடுத்து, ஃப்ரிட்ஜில்தான் கோளாறு என்றார்கள். மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்தோம், மெயின் கரண்டில் ஃப்ரிட்ஜ் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது, ஓடும்போது 120 வாட்ஸ்தான் இழுக்கிறது. கடைசியாக வந்த உங்கள் டெக்னீஷியன் வாரண்டி கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: மோட்டார் உள்ள சாதனங்களை இணைத்தால் வாரண்டி கிடையாதாம். ஃப்ரிட்ஜில் இருப்பது மோட்டார் இல்லாமல் வேறென்ன? முன்பக்கம் ஃப்ரிட்ஜ் படம் போட்டு விற்றுவிட்டு, பின்பக்கம் அதையே மாட்டக்கூடாது என்று எழுதுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

காரணம் உங்கள் எஞ்சினியர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கம்ப்ரஸர் ஓடும்போது இழுப்பது குறைவுதான், நின்ற நிலையிலிருந்து கிளம்புகிற அந்தக் கண நேரத்தில் மூன்று மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இழுக்கும், சில ஃப்ரிட்ஜில் அதற்கு மேலும் போகும். ஆறு மடங்கு என்றே வைத்தால் 720 வாட்ஸ். உங்கள் கையேட்டின்படி பவர் ஃபேக்டர் (வி.ஏ.வில் எவ்வளவு பங்கு வாட்ஸாகக் கிடைக்கும் என்பது) 0.7, அப்படியென்றால் 900 வி.ஏ. என்பது 630 வாட்ஸ்தான். போதாததற்கு இது ஸ்கொயர் வேவ், அதாவது கரண்ட் சீராக ஏறி இறங்காமல் வெட்டி வெட்டி மாறும், இதில் மோட்டார் சூடேறும், இரையும், கிளம்பவும் திணறும். ஃப்ரிட்ஜுக்கு மெயின் கரண்ட் மாதிரியே சீராக வரும் ப்யூர் சைன் வேவ்தான் சரி என்று உங்கள் டெக்னீஷியனே வாய்விட்டுச் சொன்னார். அதை விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். கண நேரத்துக்கு எத்தனை வாட்ஸ் வரை தாங்கும் என்ற எண் பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை, ஃப்ரிட்ஜ் ஓடுமா ஓடாதா என்பதே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

பேட்டரியைக் குறை சொல்லவில்லை. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். என்றால் 1800 வாட் ஹவர். பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியை மட்டும் எடுத்து, இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்துப் பார்த்தாலும், கம்ப்ரஸர் விட்டுவிட்டுத்தானே ஓடுகிறது, ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கும். அதாவது வீட்டில் சார்ஜ் இருந்தும் சாப்பாடு கெட்டது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

போன தடவை கரண்ட் சாயங்காலம் போய் மறுநாள் மதியம்தான் வந்தது. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும், ஃப்ரீஸர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருந்தால் 24 மணி நேரம் வரை. அது தெரிந்து, ராத்திரி இன்சுலினை எடுத்ததைத் தவிர கதவைத் தொடவே இல்லை. காலையில் பார்த்தால் உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டியது. பால், சமைத்து வைத்தது, இறைச்சி எதுவானாலும் 5 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்தைத் தாண்டினால் கொட்டிவிடுவதுதான் பாதுகாப்பு, கெட்ட வாசனை வராவிட்டாலும் கிருமி பெருகியிருக்கும். எல்லாவற்றையும் கொட்டினோம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அதை ராத்திரியே ஜெனரேட்டர் உள்ள ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததால் தப்பியது. அந்த வீடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

எனக்கு வேண்டியது இதுதான். இதை எடுத்துக்கொண்டு, என் ஃப்ரிட்ஜைக் கிளப்பக்கூடிய சைன் வேவ் இன்வெர்ட்டரைக் கூடுதல் பணம் கேட்காமல் கொடுங்கள், வீட்டுக்கு வந்து மெயினை அணைத்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போங்கள். முடியாதென்றால் பேட்டரியோடு சேர்த்து முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இந்த மாடலின் பெட்டியிலிருந்து ஃப்ரிட்ஜ் படத்தையும் எடுத்துவிடுங்கள், எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

பில், வாரண்டி கார்டின் இரண்டு பக்கப் படம், ஓவர்லோடு ஆகி நிற்கும் வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம். 15 நாளில் வராவிட்டால் இதே ஆதாரங்களோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்