அம்மாள் வந்த வீட்டை அடைத்து வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல் நெருங்குகிறது. பாக்குத்தெண்டல் முடிந்து, தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியத் தொடங்கிவிட்டால் வன்னியில் ஒரு வீடும் உறங்காது. நான் இந்தப் பக்கத்தில் குடும்பநல மாதுவாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். சிறு வயதிலிருந்தே அம்மாளுக்கு நேத்தி வைத்து, அடி அழித்து வளர்ந்தவள். அந்த இரண்டு உரிமையோடும் கோயில் பரிபாலன சபையிடம் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கொப்பளிப்பான் என்ற சின்னம்மை வந்தால் எங்கள் சனம் அம்மாள் வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லும். படலையில் வேப்பங்குலை கட்டுவார்கள். அதைக் கண்டால் அயலவர் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். மச்சம் இல்லை, தாளிதம் இல்லை. பிள்ளையைத் தனியே வெள்ளைத்துணியில் கிடத்தி, இளநீர் கொடுத்து, கடிக்கிற இடத்தை வேப்பிலையால் தடவிவிடுவார்கள். பொருக்கு உதிர்ந்தபின் வெயிலில் வைத்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வார்ப்பார்கள். இந்த வழக்கத்தை ஒருவர் பழித்தாலும் எனக்குப் பொறுக்காது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்காகும்வரை இந்த நோய் தொற்றும். ஒதுக்கி வைத்துப் பராமரிப்பதை எங்கள் பாட்டிமார் எவரும் சொல்லித்தராமலே செய்திருக்கிறார்கள். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குக் கூடாரம் கொப்பளிப்பான் பரவியபோது, கட்டுவதற்குப் படலை இல்லாத தாய்மார் கூடாரக் கயிற்றில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகி வைத்திருந்தார்கள். கையில் மிஞ்சிய ஒரே காவல் அதுதான்.

ஆனால், ‘அம்மாள் வந்த உடம்புக்கு மருந்து குடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கோவிப்பா’ என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது உயிரை எடுக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, ஏழு மாதக் கர்ப்பிணி, அவளுக்குக் கொப்பளிப்பான். நான் போனபோது யன்னல் சாத்திய அறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு வசனம் முடிக்க இரண்டு தரம் மூச்செடுத்தாள். நகக்கண் நீலம் பாய்ந்திருந்தது. ‘நாளைக்குத் தண்ணி வாத்தால் சரியாயிடும் அக்கா’ என்றா மாமி. நான் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தேன். ‘அம்மாளும் கூட வருவா, நீங்களும் ஏறுங்கோ’ என்று மாமியின் கையைப் பிடித்து அம்புலன்ஸில் ஏற்றினேன். மடியில் வேப்பிலையோடுதான் ஏறினா. நெஞ்சுச் சளி முற்றி நியூமோனியாவாகியிருந்தது. பிள்ளை பிழைத்தாள், குழந்தையும் சுகமாகப் பிறந்தது.

சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோய் கடுமையாகலாம். அசைக்ளோவிர் என்ற மருந்தைக் கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நல்ல பலன். பேறுக்குச் சற்று முன்போ பின்போ தாய்க்குக் கொப்புளம் போட்டால் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சலுக்கு அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு வாங்குதல், விடாத சத்தி, மயக்கம், பிதற்றல் இதில் எது கண்டாலும் உடனே மாஞ்சோலை மாவட்ட ஆஸ்பத்திரிக்கோ கிட்டிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வேண்டும்.

அம்மாள் கோவிப்பாள் என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். மதுரையை எரித்த சூட்டோடு வந்தவள் நந்திக்கடல் கரையில் ஒரு கிழவியாகத்தானே அமர்ந்தாள்? மாடு மேய்த்த பொடியன்கள் இலைகுழையால் பந்தல் போட்டார்கள், புக்கை பொங்கிக் கொடுத்தார்கள், தலை கடிக்கிறது என்றபோது பேன் பார்த்தார்கள். அவள் ஒன்றையும் வேண்டாம் என்று தள்ளவில்லை. எண்ணெய் இல்லையென்று பொடியன்கள் கலங்கியபோது கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னாள். பராமரிப்பை ஏற்றுக்கொண்டவள், தன் பிள்ளைக்கு ஒரு டொக்டர் பராமரிப்புச் செய்தால் கோவிப்பாளா?

இன்னொன்று. குணமானால் பொங்கலுக்கு வருகிறேன் என்று நேத்தி வைத்தவர்கள், கொப்புளம் காயமுன்பே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பால்செம்பு வரிசையில் முன்னே கைக்குழந்தை, பின்னே கர்ப்பிணி. கொப்புளம் தெரிய ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்குவதால் எல்லாரையும் தடுக்க முடியாது. கொப்புளம் கண்ணுக்குத் தெரிகிறவர்களையாவது மறிக்கலாமே. நேத்தி தவறிப்போகாது. வேறொரு திங்கட்கிழமை வந்து ஆறுதலாகக் கும்பிடலாம்.

ஆகவே பரிபாலன சபையிடம் கேட்கிறேன். விளக்கு வைத்த நாளிலிருந்து பொங்கல் இரவுவரை, காணாமற்போன பிள்ளைகளை அறிவிக்கிற அதே ஒலிபெருக்கியில், மருந்து எடுத்தால் அம்மாள் கோவிக்கமாட்டாள், கொப்புளத்தோடு கோயிலுக்கு வராதீர்கள் என்றும் அறிவியுங்கள். அதைப் பூசகர் ஐயாவே சொல்ல வேண்டும். நாங்கள் வீடு வீடாகச் சொல்லிக் கேளாத மாமிமார் அவர் சொன்னால் கேட்பார்கள். முதலுதவிக் கூடாரத்துக்குப் பக்கத்தில், சனநெரிசலுக்கு ஒதுங்கலாக ஒரு மறைப்பு அடித்துத் தாருங்கள். கொப்புளத்தோடு வந்துவிட்டவர்களைத் திட்டி அனுப்பாமல் அங்கே இருத்தி, தீர்த்தமும் திருநீறும் கொண்டுபோய்க் கொடுத்து, வாகனம் பிடித்து அனுப்பலாம். இரவு முழுக்க அங்கே நிற்க நானும் என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். சபை ஒரு சொல் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல மாது,
முள்ளியவளை.