இசை எழுதும் பேராசிரியர்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இசை எழுதுகிறவர்கள் சார்பில் இந்த மடல். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1936 முதல் 1944 வரை லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். இன்னொரு இசையமைப்பாளர் மெசியான் 1941 முதல் 1978 வரை பாரிஸ் கான்சர்வத்துவார் என்னும் இசைக் கல்லூரியில் ஆசிரியர். பெரியவர்களுக்கே வகுப்பும் எழுத்தும் ஒன்றாகத்தான் ஓடின. இரண்டும் தடம் புரளாமல் ஓடுவது உங்களால்.

முதல் நன்றி, பார்ட், அதாவது ஒவ்வொரு கலைஞரும் வாசிக்கும் தனித்தாள், தயாரிக்கிறவர்களுக்கு. எல்லா வாத்தியங்களும் சேர்ந்த முழுப் பிரதியான ஸ்கோரை மென்பொருளில் முடித்துவிட்டால் ஒவ்வொரு வாத்தியத்துக்கான பார்ட்டும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தானாக வருவது சுரங்கள் மட்டுமே. வாசிக்கக்கூடிய தாள் உங்கள் கையிலிருந்துதான் வருகிறது. சுரங்கள் எழுதப்படும் ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 7 மி.மீ.க்குக் கீழே போனால் இருவர் பகிரும் வயலின் ஸ்டாண்டில் கண் திணறும் என்று 8 மி.மீ.யில் நிறுத்துகிறீர்கள். தாள் புரட்ட நேரம் கிடைக்க வலப்பக்கத்தின் கடைசி வரி ஓய்வில் முடிய வேண்டும் என்பதற்காகப் பாதிப் பக்கத்தை வெறுமையாகவும் விடுகிறீர்கள். 40 பார் (தாளக் கட்டம்) ஓய்வை ஒரே கட்டையாக அடைக்காமல், ஒத்திகையில் இடம் சொல்ல A, B என்று போடும் ஒத்திகை எழுத்து வரும் இடங்களில் உடைத்து, நுழைவுக்கு இரண்டு பார் முன்னால் ஓபோ வாசிப்பதைச் சிறிய சுரங்களில் க்யூவாக (நுழைவுக் குறிப்பாக) போடுகிறீர்கள். எண்ணிக்கை தவறிய டிராம்போன்காரருக்கு அந்த இரண்டு பார்தான் கரை.

எழுதிய சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு என்று அமைந்த இடமாற்று வாத்தியங்களையும் நீங்களே சரிபார்க்கிறீர்கள். பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு டோன் (இரண்டு அரைச்சுரம்) மேலே, எஃப் ஹார்னுக்கு ச–ப இடைவெளி மேலே எழுத வேண்டும். ஒலிக்கும் சுருதியிலேயே பார்ட் அச்சாகிவிட்டால் கிளாரினெட் மட்டும் ஒரு டோன் இறங்கிக் கேட்கும். காரணம் தேடும் நேரமெல்லாம் மேடை முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கும். ஸ்கோரில் வாத்தியப் பட்டியலும் கால அளவும் அச்சாகும் உட்பக்கத்தில் உங்கள் பெயரும் வருவதுதான் நியாயம். பெரும்பாலும் வருவதில்லை.

ஒத்திகைக்குப் பிறகு பென்சில் திருத்தங்களை எல்லா ஸ்டாண்டிலிருந்தும் திரட்டி, ஒரே பட்டியலாக்கி, புதிய அச்சின் அடியில் தேதி போடும் இசைக்குழு நூலகர்களுக்கு நன்றி. பழைய பிரதி ஒன்று மிஞ்சினாலும் போதும், நீக்கிய பாரை இரண்டாம் வயலினில் யாரோ ஒருவர் கம்பீரமாக வாசித்துவிடுவார்.

ஹார்ப் கலைஞர்களே, உங்கள் பொறுமை பெரிது. ஏழு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. டி சுரத்தின் பெடலை அசைத்தால் எல்லா ஆக்டேவிலும் (ஸ்தாயியிலும்) டி மாறிவிடும். டி-யும் அதற்கு அரைச்சுரம் மேலான டி-ஷார்ப்பும் சேர்ந்து ஒலிக்கக் கேட்டு நாங்கள் எழுதிய இடத்தில், ‘ஷார்ப்பை ஈ-ஃபிளாட்டாக எழுதுங்கள், கூடவே ஈ-நேச்சுரல் கேட்காதீர்கள்’ என்று ஓரத்தில் குறித்துத் தருகிறீர்கள். இதை உங்கள் ஓரக் குறிப்பிலிருந்து கற்றவர்களே அதிகம்.

பியானோ ட்யூனர்களுக்குத் தனி நன்றி. கம்பிகளுக்கு நடுவே திருகாணியும் ரப்பரும் செருகி வாசிக்கும் படைப்பு என்றதும் பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் வழி காட்டினீர்கள்: முதலில் வலப் பெடலை அழுத்தி, கம்பியின் ஒலியை அடக்கும் டாம்பர்களைத் தூக்க வேண்டும், கம்பிகளை மரச் சில்லால் லேசாக விலக்கிய பிறகே செருக வேண்டும், செம்பு சுற்றிய கீழ்க்கம்பிகள் பக்கம் மரையுள்ள எதுவும் போகக்கூடாது, சுற்று சிதைந்துவிடும், வியர்வைக் கை கம்பியில் படக்கூடாது, துரு பிடிக்கும்.

பதிவு செய்கிறவர்களுக்கும் நன்றி. 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம் என்று இரண்டு மைக்கை அளந்து வைத்து, உச்ச ஒலிக்கு 10 டெசிபெல் இடம் விட்டதால்தான் கடைசித் தாள வாத்திய வெடிப்பு கிழியாமல் கிடைத்தது.

இசைக்குழுவின் பகுதி முழுவதையும் பத்து விரலுக்குள் சுருக்கி, எதை விட்டால் கேட்பவருக்குத் தெரியாது என்று அறிந்து வாசிக்கும் பக்க வாத்தியப் பியானோ கலைஞர்களுக்கும், பாதி எழுதிய படைப்பை வகுப்பிலேயே வாசித்துப் பார்த்து ‘இங்கே மூச்சு எடுக்க இடமில்லை, சார்’ என்று தயங்காமல் சொல்லும் மாணவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

கால அட்டவணை போடும் துறை அலுவலகத்தாருக்கு: மூன்று தனித்தனி மணி நேரத்தில் ஒரு பக்கம்கூட நகராது, தொடர்ந்த மூன்று மணி நேரத்தில் ஒரு பகுதி முழுவதுமே முடிந்துவிடும். இது புரிந்து, வகுப்புகளைப் பிற்பகலுக்கு ஒதுக்கி இரண்டு காலைகளை முழுதாக விட்டுக்கொடுத்தீர்கள். எழுதி முடிந்த ஸ்கோர்கள் பலவும் அந்தக் காலைகளில் பிறந்தவை.

நன்றியுடன்,
இசை எழுதும் ஆசிரியர்கள்