தீக்காயத்தில் முதல் நாள்

அன்புள்ள குமரன்,

உங்கள் ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்று தனி வார்டு வரப்போவதும், அம்மாவின் மூட்டுவலி குறைந்திருப்பதும் படித்து மிகவும் சந்தோஷம். தோல் எடுக்கும் கருவிகளைப் பற்றித்தான் நிறையக் கேட்டிருந்தாய். அதைவிட முதல் 24 மணி நேரம்தான் எனக்குக் கவலை.

உன் நர்சுகளுக்கு வெந்த பரப்பைக் கணக்கிடக் கற்றுக்கொடு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். வெறுமனே சிவந்த இடம் கணக்கில் வராது. 60 கிலோ ஆள், 40 சதவீதக் காயம் என்றால் கிலோவுக்கும் சதவீதத்துக்கும் 2 மி.லி. வீதம் முதல் 24 மணி நேரத்துக்கு 4,800 மி.லி. ரிங்கர் லாக்டேட் (நரம்பில் ஏற்றும் உப்புநீர்). பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, அட்மிஷனிலிருந்து அல்ல. 3 மணி நேரம் கழித்து வந்தால், அந்தப் பாதியில் வழியில் ஏற்றியதைக் கழித்துவிட்டு மீதியை 5 மணி நேரத்தில் கொடுக்கவேண்டும்.

டிரிப் ஓடத் தொடங்கிய பிறகு சிறுநீரைப் பார்த்தே நடத்து: மணிக்கு 30 முதல் 50 மி.லி. போதும். 80 வந்தால் சந்தோஷப்படாமல் டிரிப்பைக் குறை. அளவு மீறினால் வயிறு வீங்கி, மூத்திரப்பை அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி, சிறுநீர் மறுபடி குறையும். அதைத் தண்ணீர் போதாமை என்று நினைத்து இன்னும் ஏற்றுவதுதான் ஆளைக் கொல்கிற தவறு. மின்சாரக் காயத்தில் மட்டும் கணக்கு வேறு: 4 மி.லி. வீதம் தொடங்கு, கறுத்த சிறுநீர் தெளியும்வரை மணிக்கு 75 முதல் 100 மி.லி. வரட்டும்.

கை முழுக்கச் சுற்றி ஆழமாக வெந்திருந்தால் தோல் தடித்து, விரியாமல் இறுகிவிடும். உள்ளே நீர் கோக்கக் கோக்க ரத்தம் நிற்கும். மணிக்கட்டில் நாடி கிடைக்கிறது என்பதை மட்டும் நம்பி இருக்காதே. உள்ளங்கையிலும் விரலிலும் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) வைத்து மணிக்கொருமுறை கேள். சத்தம் மங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை காத்திருக்காமல் படுக்கையிலேயே அந்த இறுகிய தோலைக் கீறிவிடு. கையின் இரு பக்க நடுக்கோட்டில், நல்ல தோலில் தொடங்கி நல்ல தோலில் முடித்து, கொழுப்பு பிதுங்கும் ஆழம்வரை. முழங்கையின் உட்புறத்தில் எலும்பு முனைக்கு முன்பக்கமாகப் போ. பின்னால், கைவிரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பு ஓடுகிறது. வென்டிலேட்டரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் மார்பையும் இதே சந்தேகத்தோடு பார்.

ஆள் நிலைபெற்றதும் வெந்த தோலைச் சீக்கிரம் எடுப்பதே நல்லது, ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல; ரத்த இழப்பும் குளிரும் தாங்காது. ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் அதிகாரம் உன்னிடம் இருக்கட்டும்.

அதனால் வாங்கவேண்டிய பட்டியலில் கையடக்க டாப்ளர், ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் டயத்தெர்மி, உடலைச் சூடாக வைக்கும் வார்மர் மூன்றும் முதலில் வரட்டும். நீ கேட்ட தோல் எடுக்கும் கருவியான டெர்மடோமைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
செல்வம்