அல்லைடு கணிதத்தை மேஜரோடு சேர்த்து நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கு அல்லைடு கணிதம், அதாவது மேஜர் என்கிற முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடமாக வரும் கணிதம், நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். அரியர் விழாமல் தாண்டினால் போதும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் இந்த வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கணக்கு உங்கள் மேஜரில் எங்கே வருகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லையே.

வேதியியல் ஆய்வகத்தில் பொட்டென்ஷியோமெட்ரிக் டைட்ரேஷன் செய்கிறார்கள், அதாவது மின்னழுத்தத்தை வைத்து ஒரு கரைசலின் செறிவைக் காண்கிறார்கள். பியூரெட்டிலிருந்து இன்னொரு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு முறையும் மின்னழுத்தத்தைக் குறித்து, அந்த மாற்றத்தைக் கன அளவு மாற்றத்தால் வகுத்து, அது எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அதுதான் முடிவுப்புள்ளி என்று கிராஃப் போட்டுக் காட்டுகிறார்கள். எண்ணியல் முறைகளில் நாங்கள் நடத்தும் வகையிடல், அதாவது மாற்ற வீதம் காண்பது, இதேதான். ஆனால் எங்கள் வகுப்பில் எக்ஸ், ஒய் என்று வெறும் அட்டவணையைக் கொடுத்து நியூட்டன் சூத்திரத்தில் போடச் சொல்கிறோம்! அணிகள் பாடமும் அப்படித்தான். எத்திலீன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் உள்ள பை எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளை, வேதியியலில் படிக்கும் ஹ்யூக்கல் முறையில் காண்பது என்றால் இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றின் ஐகன் மதிப்புகளை, அதாவது அந்த அணிக்கே உரிய சிறப்பு எண்களைக் காண்பது, பியூட்டாடையீனுக்கு நான்குக்கு நான்கு, அவ்வளவுதான்.

இயற்பியல் பிள்ளைகள் லீ தட்டு சோதனையில் வெப்பக் கடத்துத்திறன் அளக்கிறார்கள். நாங்கள் நடத்தும் ஃபூரியர் தொடருக்கும் வெப்பத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஃபூரியர் அந்தத் தொடரைக் கையில் எடுத்ததே திடப்பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கத்தான், 1822-ல் வந்த அவருடைய நூலே வெப்பத்தைப் பற்றியது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம், பிளஸ் டூவில் தாவரவியல், விலங்கியல் எடுத்துவிட்டு வேதியியலுக்கு வருகிறவர்கள். பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்களிடம், வகையிடலே சொல்லித்தராமல், லாப்லாஸ் உருமாற்றத்தை நீட்டினால் அவர்கள் மனப்பாடம் செய்யாமல் வேறு என்ன செய்வார்கள்? இவர்களுக்கு முதல் செமஸ்டரின் தொடக்கத்திலேயே, விட்டுப்போன அடிப்படைக் கணிதத்தைச் சொல்லித்தரும் பிரிட்ஜ் வகுப்பு வேண்டும், அதுவும் மாலையில் பேருக்கு ஒரு மணி நேரம் என்று இல்லாமல், கால அட்டவணையில் இடம் ஒதுக்கி.

பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்வது இதுதான்: அல்லைடு தாளின் பாடத்திட்டத்தைக் கணிதத் துறை மட்டும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம், மேஜர் துறை ஆசிரியர் ஒருவரும் கூட இருக்கட்டும், எந்த செமஸ்டரில் எந்தக் கணிதம் தேவை என்று அவர் சொல்லட்டும். வினாத்தாளில் ஒரு கணக்காவது மாணவர்களின் ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து வரட்டும். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரிகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சிலபஸை மாற்ற முடியாது, சரி, ஆனால் அசைன்மென்டில் என்ன கணக்கு கொடுப்பது என்பது வகுப்பெடுக்கும் ஆசிரியர் கையில்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
திருச்சி