‘கைவிட்ட தாய்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தத்துக் கொடுத்த மகனை ஒரு தாய் பல வருஷம் கழித்துச் சந்தித்த செய்தியைப் போன ஞாயிறன்று போட்டிருந்தீர்கள். நல்ல செய்திதான். ஆனால் தலைப்பில் ‘கைவிட்ட தாய்’ என்று இருந்தது. அதோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மீதியை மத்தியானம்தான் படித்தேன்.

நானும் அப்படி ஒருத்திதான். 19 வயதில் பெற்றேன். மூன்றாம் நாள் காகிதத்தை நீட்டி, ‘இங்கே, அப்புறம் இங்கே’ என்று விரலால் காட்டினார்கள். படித்துக் காட்டவில்லை. மனசு மாறினால் என்ன செய்வது என்று கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. வாசலில் போட்டுவிட்டு ஓடியவளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் ஒன்றா? கட்டாயப்படுத்திப் பிள்ளைகளை வாங்கியதற்காக ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்டு 2013-இல் தாய்மார்களிடம் அரசு சார்பில் மன்னிப்பே கேட்டார்.

மகன்தான் தேடி வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தாய் ஏன் தேடவில்லை என்று நிருபர் கேட்கவில்லை. இங்கிலாந்தையே பாருங்கள். தத்துப் போன பிள்ளை 18 வயதானதும் தன் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம் என்று 1975-இல் சட்டம் வந்தது. பெற்றவள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் ஓர் அமைப்பு மூலம் விசாரிக்க வழி பிறந்ததோ 2005 கடைசியில். அதிலும் பிள்ளை சம்மதித்தால்தான் விவரம் தருவார்கள். அது சரிதான், அதில் எனக்குக் குறையில்லை.

என் மகள் 31 வயதில் வந்தாள். இரண்டு பேரும் அழுவோம் என்று நினைத்திருந்தேன். அவள் முதலில் கேட்டது, ‘நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன்?’ அவளிடம் இருந்த காகிதங்களில் தேதி மட்டும்தான். ராத்திரி 2 மணி 10 நிமிஷம். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதையேதான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். அடுத்து, வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்றாள். எனக்கும் உண்டு, என் அம்மாவுக்கும் உண்டு. டாக்டர் கேட்கும்போதெல்லாம் இத்தனை வருஷமும் ‘தெரியாது’ என்றே சொல்லி வந்திருக்கிறாள்.

உங்கள் செய்தி கட்டிப்பிடித்த போட்டோவோடு முடிந்துவிட்டது. எங்களுக்கு அதற்கப்புறம்தான் எல்லாமே. முதல் மாதம் தினமும் பேசினாள். பிறகு நாலு மாதம் ஒரு போன் கிடையாது. என்ன தப்பாகச் சொல்லித் தொலைத்தேனோ என்று ஒவ்வொரு பேச்சாக நினைத்துப் பார்த்தேன். வளர்த்த அம்மா ஒடிந்துபோய்விட்டாராம், அவரோடு இருக்க வேண்டியிருந்ததாம். நியாயம்தானே. இன்றுவரை என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. ‘நீங்க’ என்பதோடு சரி.

இதை வெளியிட்டால் என் பெயர் போட வேண்டாம். மகளுக்கு ஆட்சேபணை இல்லை, கேட்டுவிட்டேன். என் மாமியாருக்குத்தான் இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி