சனிக்கிழமை அரை மணி நேரம் போன் குடுங்க

எல்லா அப்பா அம்மாவுக்கும், பேரப்புள்ளைங்கள வச்சு பார்த்துக்கிற ஆயா தாத்தாவுக்கும் வணக்கம்.

"சோத்துல கை வச்சா புழு கதை பேசுறான் டீச்சர்"னு ரெண்டு மூணு பேர் போன் பண்ணிட்டீங்க, தப்பு எங்க மேலதான். டோக்கியோல மெகுரோங்கிற இடத்துல ஒட்டுண்ணிக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, அங்க ஒருத்தர் வயித்துல இருந்து வந்த 8.8 மீட்டர் நாடாப்புழுவ வச்சிருக்காங்க, அத ஸ்மார்ட் போர்டுல காட்டினோம். பசங்க அதே நீளத்துக்கு நூல் அளந்து பார்த்தாங்க, கிளாஸ் பத்தல, வராண்டா வரைக்கும் போச்சு. குடற்புழு மாத்திரை குடுக்கிற அன்னிக்கு இனிமே எவனும் பாத்ரூம்ல போய் ஒளிய மாட்டான்னு நெனக்கிறேன்.

நமக்கெல்லாம் மியூசியம்னா எழும்பூர்தான், ஆயாங்க செத்த காலேஜ்னு சொல்வாங்களே அதேதான், 1851ல ஆரம்பிச்சது. இப்போ வெளிநாட்டுல நெறய மியூசியம் அவங்க பொருளையெல்லாம் போட்டோ எடுத்து நெட்ல போட்டு வச்சிருக்காங்க, டிக்கெட் கிடையாது, கிட்ட போய் பெருசு பண்ணி பார்க்கலாம், யாரும் விசில் ஊத மாட்டாங்க.

அதுல ஒண்ண நீங்களும் பார்க்கணும். நியூசிலாந்துல வெலிங்டன்ல தே பாபான்னு மியூசியம், அங்க ஒரு வெண்கல மணி, வாய்ப்பக்கம் உடைஞ்சு மேல்பாகம்தான் மிச்சம். 1836 வாக்குல கொலென்சோன்னு ஒரு கிறிஸ்தவ மிஷனரி பார்த்தப்போ அந்த நாட்டு பூர்வகுடி மாவோரி பொம்பளைங்க அத கவுத்து வச்சு உருளைக்கிழங்கு வேகவச்சுட்டு இருந்தாங்களாம், பெரிய காத்துல சாஞ்ச மரத்தோட வேர்ல கெடச்சதுன்னு சொல்லியிருக்காங்க, அவரு ஒரு இரும்பு சட்டிய குடுத்துட்டு இத வாங்கிட்டாரு. மணியை சுத்தி எழுதியிருக்கிறது தமிழ்! முகைதீன் பக்சுடைய கப்பலுடைய மணி. பழைய எழுத்து, கப்பல்ங்கிறத புள்ளியே வைக்காம 'கபல'ன்னு வெட்டியிருக்கான் (நம்ம பசங்க எழுதினா மார்க் போயிடும்). அது அங்க எப்படி போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாராலயும் உறுதியா சொல்ல முடியல. மிஸ் படிச்சு காட்டினதும் ஒரு பொண்ணு எழுந்து "எங்கப்பா போற போட்லயும் ஓனர் பேருதான் மிஸ் எழுதியிருக்கு"ன்னா. காசிமேட்டு புள்ளைக்கு அத யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

அதனால புள்ளைங்க இதெல்லாம் நெட்ல பார்க்க சனிக்கிழமை அரை மணி நேரம் போன குடுங்க. குடுத்துட்டு சமைக்க போயிடாதீங்க, பக்கத்துல உக்காருங்க, இல்லன்னா மணி பார்க்கிறேன்னு ரீல்ஸ்ல போய் நிப்பாங்க. நெட் பேக் தீந்துபோனவங்க சொல்லுங்க, திங்கக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் ரூம திறந்து வைக்கிறேன்.

அப்புறம் வீட்ல ஒரு பழைய பொருள், வலை பின்ற ஊசியோ அம்மிக்குழவியோ ஓடாத ரேடியோவோ, எதுவா இருந்தாலும் சரி, யார் வச்சிருந்தது, எப்படி உடைஞ்சதுன்னு புள்ளைங்க உங்கள கேட்டு அஞ்சாறு வரி எழுதிட்டு வரணும். தாத்தா ஆயா பொய் கலந்து சொன்னாலும் பரவால்ல, "ஆயா சொன்னது"ன்னு போட்டுக்கட்டும்.

பொருள ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க, படம் வரைஞ்சா போதும். போன வருஷம் ஒரு வீட்டு பித்தளை படி இங்க வந்து நசுங்கி நான் நேர்ல போய் மன்னிப்பு கேட்டது எனக்கு இன்னும் மறக்கல.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்