கடைசி டோஸ் போட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் செவிலியர் பலர் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு: "நான் போட்ட மார்ஃபினாலதான் பிள்ளை போயிடுச்சோ?" உனக்கும் அது வரும். அழுகையைவிட அதுதான் ஆளை அரிக்கும். "மனசைத் தேத்திக்கோ" என்றால் தீராது. கேஸ் ஷீட்டைத் திறந்து பார்த்தால்தான் தீரும்.

கடும் வலிக்குப் போடும் மார்ஃபின் அதிகமானால் வழக்கமாக முதலில் வருவது தட்டினாலும் எழாத தூக்கம். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். அதன்பிறகே மூச்சு, அதுவும் பெரும்பாலும் சீராக, மெதுவாகக் குறையும். விடைபெறும் குழந்தையின் மூச்சு அப்படியில்லை: வேகமாக நாலைந்து, நீண்ட இடைவெளி, மறுபடி ஒன்று. கைகால் சில்லிடும், தோலில் திட்டுத்திட்டாக நீலம் படரும். இவை டோஸுக்கு முன்பே தொடங்கிவிட்டனவா என்பதை உன் குறிப்புதான் சொல்லும்.

அதனால் ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் நேரம், முழு ஒரு நிமிடம் எண்ணிய மூச்சு, எழுப்பினால் விழிக்கிறதா, வலி மதிப்பெண் எல்லாவற்றையும் எழுதிவிடு. பேசத் தெரியாத பிள்ளைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது என ஐந்தையும் பார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. மார்ஃபின் ஆம்பியூலில் (ஊசிமருந்துக் குப்பி) 10 மி.கி., 15 மி.கி. இரண்டும் வருகின்றன, அவசரத்தில் மாறுவது இங்கேதான். உரக்கப் படித்து இருவர் சரிபாருங்கள், இருவரும் கையெழுத்திடுங்கள்.

தொண்டையில் கரகரப்பு வரும், இடைவெளி விட்டு மூச்சு வரும் என்று தாய் தகப்பனுக்கு முன்கூட்டியே டாக்டரோடு சேர்ந்து சொல்லிவிடு. பிந்திச் சொன்னால், ஊசிதான் காரணம் என்று அவர்கள் நினைப்பதை மாற்றுவது கடினம். கரகரப்புக்கு ஒருக்களித்துப் படுக்க வை. சளியை உறிஞ்சக் குழாய்விட்டு ஆழமாக சக்‌ஷன் போட்டால் தொண்டை புண்பட்டு, சளி இன்னும் கூடும்.

எல்லாம் முடிந்தபின், ஷிஃப்ட் கலையுமுன் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஆயாவை விட்டுவிடாதீர்கள், பிள்ளைக்கு இட்லி பிட்டுக் கொடுத்தது அவராக இருக்கும். வலி அடங்கியதா, எந்த மருந்து தாமதமானது, வீட்டாருக்கு எதைச் சொல்லாமல் விட்டோம்: இவற்றைப் பேசினால் போதும். தவறு இருந்தால் அங்கேயே சொல்லி, பதிவும் செய்யுங்கள். "இப்போ எப்படி உணர்றே?" என்று யாரையும் நெருக்க வேண்டாம். கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் மனதைக் கொட்டவைப்பது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோயை (PTSD) தடுப்பதில்லை என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

மறுநாள் அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளையை உனக்கு ஒதுக்கினால், இன்சார்ஜ் அக்காவிடம் மாற்றித் தரும்படி கேள். தயங்காதே.

அன்புடன்,
உன் சீனியர் அக்காக்கள்